வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி: ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் என்னுடைய பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நான் கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம் பெற்ற வருடம் அவன் தரம் 9. இப்போது 26 வயது. தேநீர் வைத்ததும் "சீனி வேண்டாம் ஸேர்" என்றான். சீனி வருத்தம் வந்து மூன்று வருடமாம். பிறஷரும் இருக்கிறது. இரவில் படுத்தால் மூச்சடைத்து எழும்பி உட்கார்ந்துவிடுகிறானாம். எடை 142 கிலோ.

"ஸேர், வயித்தச் சின்னதாக்கிற ஒப்பரேஷன் செய்யலாம் எண்டு டொக்டர் சொல்றார். சொந்தத்துக்குள்ள எல்லாரும் ஒரே கதைதான், வாயக் கட்ட ஏலாதவன் வயித்த வெட்டப் போறான் எண்டு. நீங்க நிறைய வாசிக்கிற ஆள். இது எங்க இருந்து வந்த வைத்தியம்? செய்யிறது பிழையா?"

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது அவன் ஓட்டத்துக்குக் கை உயர்த்தினான். "நீ ஓடினால் மைதானம் தாங்குமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். கயிறிழுத்தலுக்குத்தான் அவன் பெயரை எழுதினேன். அவனுக்கு அது நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு இருக்கிறது.

"தேடிப் பார்த்துச் சொல்றேன் மகன்" என்று அனுப்பினேன். அதன் பிறகு நான் வாசித்தறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல, வரலாறு படிப்பிக்கிற ஒருவன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

குர்துபாவுக்கு வந்த பருத்த மன்னன்

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இன்றைய ஸ்பெயினின் வடக்கில் லியோன் என்றொரு கிறிஸ்தவ இராச்சியம் இருந்தது. அதன் மன்னர் முதலாம் சான்சோ. வரலாற்றில் அவருக்கு நிலைத்த பட்டம் 'பருத்த சான்சோ'. குதிரையேறவும் இயலாத அளவுக்குப் பருத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. 956இல் அரியணை ஏறியவரை 958இல் பிரபுக்கள் இறக்கிவிட்டார்கள். ஒரு மன்னரையே அவருடைய உடம்பைக் காட்டிக் கேலி செய்து கீழே தள்ள முடிந்திருக்கிறது.

சான்சோவின் பாட்டியார் நவார் நாட்டு அரசி டோடா. பேரனுக்கு வைத்தியமும் வேண்டும், படையும் வேண்டும். இரண்டும் அன்று ஒரே இடத்தில் இருந்தன. அது அந்தலுஸின் தலைநகரான குர்துபா. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அரசவையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத வைத்தியர் இருந்தார். வைத்தியராக மட்டுமல்ல, கலீஃபாவின் தூதராகவும் பணியாற்றியவர். பாட்டியும் பேரனும் குர்துபாவுக்கு வந்தார்கள். ஹஸ்தாய் வைத்தியம் செய்தார். சான்சோ மெலிந்தார். 960இல் கலீஃபாவின் படையுதவியோடு மறுபடியும் லியோனின் அரியணையில் அமர்ந்தார். நோயாளி கிறிஸ்தவர், வைத்தியர் யூதர், ஆதரவு கொடுத்தவர் முஸ்லிம் கலீஃபா. அந்தலுஸைப் பற்றிப் பெருமை பேசும் நாம் இந்தச் சம்பவத்தையும் தெரிந்து வைத்திருக்கலாம்.

ஹஸ்தாய் என்ன வைத்தியம் செய்தார்? மன்னருடைய உதடுகளைத் தைத்துவிட்டு, குழாய் வழியே திரவம் மட்டும் கொடுத்தார் என்றொரு கதை இன்றைய சத்திரசிகிச்சைக் கட்டுரைகளில்கூட உலவுகிறது. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பருமனுக்குக் காரணம் வாய், ஆகவே வாயை மூடினால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை. என் மாணவனின் சொந்தக்காரர்கள் சொல்வதும் அதைத்தான்.

இந்தச் சம்பவத்துக்குச் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு இப்னு ஸீனா தம்முடைய 'அல்கானூன்' நூலில் மிதமிஞ்சிய பருமனின் கேடுகளைப் பற்றி எழுதினார். நம்முடைய பழைய மருத்துவர்களுக்கு அது வைத்தியத்துக்குரிய விடயமாகத்தான் இருந்தது.

முதல் வழி: குடலைச் சுருக்குதல்

பருமனுக்காகக் கத்தியைக் கையிலெடுத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1952இல் சுவீடனின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த விக்டர் ஹென்ரிக்சன், பருமன் நோயாளியின் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தது பற்றி எழுதினார். அடுத்த வருடம் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வார்கோ வேறொரு வழியில் போனார். குடலை வெட்டி வீசவில்லை. சிறுகுடலின் தொடக்கப் பகுதியைக் கடைசிப் பகுதியோடு இணைத்தார். சாப்பாடு குறுக்கு வழியால் போய்விடும். நடுவிலுள்ள நீண்ட குடல் சும்மா கிடக்கும். 1954இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமென், லின்னர் ஆகியோர் இந்த முறையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள்.

யோசனை எளிமையானது. எவ்வளவும் சாப்பிடட்டும், உடம்பில் சேராமல் பார்த்துக்கொள்வோம். எடையும் குறைந்தது, நன்றாகவே குறைந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்துகொண்டார்கள்.

பிறகுதான் அதன் விலை தெரிந்தது. ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், மூட்டு வலி, உப்புச் சத்துகளின் குறைபாடு. சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிரே போனது. பலரைத் திரும்பவும் மேசையில் கிடத்தி, குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது. 1980 அளவில் இந்த முறை கைவிடப்பட்டது.

இந்தப் பகுதியை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு வைத்தியத்தின் வரலாறு என்றால் அதன் தோல்விகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 'ஒப்பரேஷன் என்றால் பயம்' என்று நம்முடைய மூத்தவர்கள் சொல்வது வெறும் கற்பனை அல்ல.

ஐயோவாவின் எட்வர்ட் மேசன்

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். அந்தக் காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் கத்திதான் வைத்தியம். அந்தப் புண்ணுக்கு முக்கிய காரணம் ஒரு பற்றீரியா என்பது எண்பதுகளில்தான் தெரிய வந்தது. அதுவரை இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுப்பார்கள். அப்படி வெட்டப்பட்டவர்கள் மெலிந்துபோவதையும், பிறகு எடை கூடச் சிரமப்படுவதையும் மேசன் கவனித்தார். புண் நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கும் இந்த விளைவு, மிகவும் பருத்தவருக்கு உதவியாக இருக்காதா என்று யோசித்தார்.

1966இல் மேசனும் அவருடன் பணியாற்றிய சிகாஷி இட்டோவும் அதைச் செய்து பார்த்து, 1967இல் எழுதினார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்தார்கள். மீதி இரைப்பை உடம்புக்குள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அங்கே போகாது. இன்று 'கெஸ்ட்ரிக் பைபாஸ்' என்று சொல்லப்படுவதன் தொடக்கம் இதுதான்.

மேசன் அதோடு நிற்கவில்லை. குடலைத் தொடாமலே இரைப்பையை மட்டும் சுருக்க முடியுமா என்று தேடினார். 1971இல் இரைப்பையைக் குறுக்காகத் தைத்துச் சிறிதாக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். பை விரிந்துகொண்டது, எடை திரும்பியது. தன்னுடைய முறை சரிவரவில்லை என்று ஒப்புக்கொண்டு, 1980இல் வேறொன்றுக்கு மாறினார். இந்த முறை இரைப்பையை நெடுக்காகத் தைத்து மேலே சிறு பை செய்து, பையின் வாசல் விரியாமலிருக்க 5 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள ஒரு வலைப்பட்டி போட்டார். எண்பதுகளில் உலகமெங்கும் பரவியது இந்த முறைதான்.

மேசன் செய்த இன்னொரு வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒப்பரேஷன் செய்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பல வைத்தியர்களிடமிருந்து திரட்டிப் பதிவு செய்ய 1986இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். குடல் ஒப்பரேஷன் காலத்தில் நடந்தது மறுபடியும் நடக்கக் கூடாதென்றால் கணக்கு வேண்டும். 2020இல், நூறு வயதில் காலமானார்.

வாயைக் கட்டியதும், வயிற்றைக் கட்டியதும்

பிள்ளையைப் படிக்கவைக்க 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' பாடுபட்டோம் என்று நம்முடைய உம்மாமார் சொல்வார்கள். வைத்திய உலகம் அந்த இரண்டையும் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறது.

எழுபதுகளில் பிரித்தானியாவில் சில நோயாளிகளின் மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் இணைத்துக் கட்டினார்கள். திரவ உணவு மட்டும்தான் உள்ளே போகும். கம்பி இருக்கும் வரை எடை குறைந்தது. கம்பியைக் கழற்றியதும் பெரும்பாலானோருக்குப் போன எடை திரும்பி வந்தது. சான்சோவின் உதடு தைத்த கதை ஆயிரம் வருடத்துக்குப் பிறகு உண்மையாக நடந்தது, அதன் முடிவும் தெரிந்தது. வாய் மாதக்கணக்கில் மூடியிருந்தும் பிரச்சினை தீரவில்லை.

அடுத்தது வயிற்றைக் கட்டுவது. 1986இல் அமெரிக்காவில் வாழ்ந்த உக்ரேனியர் லுபோமிர் குஸ்மாக், இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் சிலிக்கோன் பட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார். தோலுக்கடியில் ஒரு சிறு முனை இருக்கும். அதில் ஊசியால் உப்பு நீரை ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் தளரும். 1993இல் பெல்ஜியத்தின் ஹூய் நகரில் மிட்டிக்கு பெலாச்சு என்பவர், வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே இந்தப் பட்டியைப் போட்டுக் காட்டினார். அவர் எத்தியோப்பியாவில் பிறந்தவர்.

வெட்டுமில்லை, குடலைத் தொடுவதுமில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆகவே இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் பட்டி பெரிதாக ஓடியது. பிறகு தளர்ந்தது. பட்டி இடம் நழுவியது, சிலருக்கு இரைப்பைக்குள் அரித்துப் புகுந்தது. பலருக்குக் கழற்ற வேண்டியதாயிற்று. மேசனின் பட்டியிலும் இதிலும் ஒரு பொதுவான குறை இருந்தது. இறைச்சியும் சோறும் சிக்கி வாந்தி வரும். ஐஸ்கிறீமும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வழியை எவ்வளவு ஒடுக்கினாலும், பசித்த உடம்பு தனக்கொரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

யாருமே எதிர்பார்க்காத விடை

வட கரோலினாவில் வோல்டர் போரிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கெஸ்ட்ரிக் பைபாஸ் செய்த 608 பேரை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 1995இல் எழுதினார். அவர்களில் சீனி வருத்தம் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சீனி அளவு சாதாரண நிலைக்கு வந்திருந்தது. அதைவிட வியப்பு, பலருக்கு எடை குறைவதற்கு முன்னரே, சில நாட்களிலேயே சீனி இறங்கத் தொடங்கியது. அந்தக் கட்டுரையின் தலைப்பே 'யார்தான் இதை நினைத்திருப்பார்கள்?' என்றுதான் தொடங்குகிறது.

இரைப்பை வெறும் பை என்றால் இது நடக்க முடியாது. நான்கு வருடம் கழித்து, 1999இல், ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு இரைப்பையிலிருந்து ஒரு ஹோர்மோனைப் பிரித்தெடுத்தது. அதன் பெயர் கிரெலின். சாப்பாட்டுக்கு முன் இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். மூளைக்குப் பசியைச் சொல்லும் செய்திகளில் அதுவும் ஒன்று.

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு வகையானவர்களை ஒப்பிட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் கூடியிருந்தது. அதாவது மெலிய மெலிய உடம்பு இன்னும் பலமாகப் பசியைக் கூப்பிட்டது. பைபாஸ் செய்தவர்களுக்கோ கிரெலின் மிகவும் குறைவாக இருந்தது.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். மூன்று மாதம் வாயைக் கட்டி பத்துக் கிலோ குறைத்துவிட்டு, மறு வருடம் பன்னிரண்டு கிலோ கூடி வருபவரை நாம் என்ன சொல்கிறோம்? 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்கிறோம். அவர் தன்னுடைய உடம்போடு எவ்வளவு போராடியிருக்கிறார் என்பதை நாம் பார்க்கவில்லை. பசி எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்பதில்லை. இன்று பேசப்படும் எடை குறைப்பு ஊசிகளும் இந்தப் பசிச் செய்திகளின் வழியில்தான் வேலை செய்கின்றன.

தற்செயலாகக் கிடைத்த முறை

என் மாணவனுக்கு டொக்டர் சொல்லியிருப்பது 'ஸ்லீவ்' என்ற முறை. அது பிறந்த கதையும் வித்தியாசமானது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கனடா நாட்டவரான மிஷெல் கானியே நியூயோர்க்கில் இரண்டு பகுதியுள்ள பெரிய சத்திரசிகிச்சை ஒன்றைச் சிறு துளைகள் வழியே செய்துவந்தார். மிக அதிக எடையுள்ளவர்களுக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வது ஆபத்து. ஆகவே முதலில் இரைப்பையின் பெரும்பகுதியை நெடுக்காக வெட்டியெடுத்து ஒரு குழாய் போல ஆக்கினார்கள். கொஞ்சம் மெலிந்த பிறகு வந்து குடல் பகுதியைச் செய்துகொள்ளச் சொன்னார்கள். சிலர் இரண்டாவது பகுதிக்கு வரவேயில்லை. முதற் பகுதியிலேயே போதுமான அளவு மெலிந்துவிட்டார்கள்.

அப்படித்தான் முதற்படி தனிச் சிகிச்சையாக மாறியது. இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் பருமன் சத்திரசிகிச்சை இதுதான். இலங்கையிலும் செய்யப்படுகிறது. இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 வீதம் அகற்றப்படும். வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மிஞ்சும். கிரெலினைக் கூடுதலாகச் சுரக்கும் மேற்பகுதி அகற்றப்படுவதால் பசியும் தணிகிறது. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இலேசான வழியா?

சுவீடனில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு, சத்திரசிகிச்சை செய்த 2010 பேரையும் செய்யாத 2037 பேரையும் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தது. 20 வருடத்தின் பின் செய்தவர்களின் எடை சராசரியாக 18 வீதம் குறைந்திருந்தது. செய்யாதவர்களுக்கு 1 வீதம்தான். 2007இல் வெளியான முடிவில், வயது போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், செய்தவர்களிடையே மரணம் 29 வீதம் குறைவாக இருந்தது.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். 142 கிலோவில் 18 வீதம் என்றால் ஏறத்தாழ 26 கிலோ. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பழைய முறைகளைச் செய்துகொண்டவர்கள். இன்றைய முறைகளில் பொதுவாக இதைவிடக் கூடுதலாகக் குறைகிறது. ஆனாலும் யாரும் மந்திரம் போட்டதுபோல் ஒல்லியாகிவிடுவதில்லை. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் நன்றாகக் குறைந்து, பிறகு கொஞ்சம் திரும்புவது வழமை.

ஆபத்தும் இருக்கிறது. தையல் கசியலாம், இரத்தம் கசியலாம், ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் கூடலாம். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்தில் மூன்று பேர். சிறிய எண்தான், ஆனால் பூச்சியம் அல்ல. இரும்புச்சத்து, B12 போன்ற விற்றமின்கள் குறையாமல் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிச் சாப்பாடு என்பது சில கவளங்கள்தான், மெதுவாக மென்று, தண்ணீரைத் தனியாகக் குடித்து. இதை இலேசான வழி என்று சொல்பவர் ஒரு கிழமை அப்படிச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

யாருக்கு இது? கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. 1991இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள், சுட்டி 40ஐத் தொட்டவர்களுக்கு, அல்லது 35ஐத் தாண்டி கடுமையான நோயும் இருப்பவர்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். 2022இல் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. ஆசியர்களுக்குக் குறைந்த சுட்டியிலேயே நோய் வருவதால், 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றார்கள். என் மாணவனின் உயரம் 1.70 மீற்றர். சுட்டி 49. கல்யாணத்துக்கு முன் கொஞ்சம் மெலிய நினைப்பவருக்கான வைத்தியம் அல்ல இது.

நம்மிடம் ஒரு வேண்டுகோள்

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. அது என்னுடைய தட்டைப் பார்த்து நான் என்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் இருப்பவரின் உடம்பை அளக்கும் கோல் அல்ல.

கல்யாண வீட்டில் ஒருவர் சஹனில் உட்காரும்போது "இவர் இருந்தால் மற்றவர்களுக்கு எங்கே மிஞ்சும்" என்று பகிடி விடுகிறோமே, அதை நிறுத்துவோம். நாளை இந்த ஒப்பரேஷன் செய்த ஒருவர் நாலு கவளத்தோடு கையை எடுத்தால், "இன்னும் கொஞ்சம் வையுங்க" என்று வற்புறுத்தாமலும் இருப்போம். நோன்பு பற்றி, குறிப்பாக முதல் வருடம், அவர் தன்னுடைய டொக்டரிடமும் ஆலிம்களிடமும் கேட்டு முடிவெடுப்பார். ஏன் நோன்பில்லை என்று நாம் விசாரிக்கத் தேவையில்லை. சக ஆசிரியர்களுக்கும் ஒன்று: ஓட்டத்துக்குக் கை உயர்த்தும் பிள்ளையின் பெயரை ஓட்டத்துக்கே எழுதுங்கள்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அவனைச் சந்தித்து இதெல்லாம் சொன்னேன். "செய்யிறது பிழையில்ல மகன். எல்லாத்தையும் டொக்டரிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டுச் செய்" என்றேன். பிறகு அந்த விளையாட்டுப் போட்டி விடயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மறக்கல்ல ஸேர்" என்றான். "ஆனா கயிறிழுத்தல்ல நாங்கதான் வெண்டது."

அடுத்த மாதம் அவனுக்கு ஒப்பரேஷன். யாரென்று தேட வேண்டாம். துஆ மட்டும் செய்யுங்கள்.